நூறாவது அழுத்தல்

திண்டுக்கல் மொத்தக் கடையில் பேரம் பேசிப்
பன்னிரண்டு கால்குலேட்டர் வாங்கினேன்.
பேட்டரியே வேண்டாம் டீச்சர், வெளிச்சத்தில் ஓடும் என்றார்.
பூம்பாறையின் ஜூலையை
அவருக்கு யார் சொல்வது.

"பரீட்சையில் அனுமதியில்லாத சாமான்"
என்றார் தலைமையாசிரியர்.
பரீட்சையில் சந்தேகம் கேட்கவும்தான் அனுமதியில்லை சார்
என்றேன். கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் வகுப்பு. முப்பத்தாறு பேர், மூவருக்கு ஒன்று.
பூண்டு பிடுங்கிய மண் இன்னும் நகக்கண்ணில்.
இரண்டு. கூட்டல். மூன்று. சமம்.
இனி சமத்தை மட்டும் அழுத்துங்கள்.
ஐந்து, எட்டு, பதினொன்று, பதினான்கு,
தகரக் கூரையில் மழை யோசித்து யோசித்துத்
தொடங்குவது மாதிரி சத்தம்.

நூறாவது அழுத்தலில் என்ன நிற்கும்?

வேலப்பன் மற்ற இருவரையும் முழங்கையால் தள்ளிவிட்டுக்
கட்டைவிரலால் குத்த ஆரம்பித்தான்.
அறுபத்து நான்கு வரை எண்ணியிருந்தானாம்.
பள்ளத்திலிருந்து ஏறிய மூடுபனி
கண்ணாடியில்லாத ஜன்னலில் நுழைந்து
கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது.
நூற்றுத் தொண்ணூற்று நான்கு வெளிறியது.
பிறகு வெறும் சாம்பல் நிறம்.
கரண்ட் காலையிலிருந்தே இல்லை.
பன்னிரண்டு திரையும் போயின.

"முந்நூத்தி ரெண்டு, மிஸ்."

நாகஜோதி.
அவள் முறைக்குக் கால்குலேட்டர் வரவேயில்லை.
"நூறு தடவ மூணு. அப்பறம் மொதல்லயே கெடந்த ரெண்டு."

நூறு என்ன, எத்தனை தடவையானாலும் என்று
பலகையில் எழுதினேன்:
மூன்று என், கூட்டல் இரண்டு.
"என்னுன்னா யாரோடது மிஸ்?"
எல்லோரும் சிரித்தார்கள்.
பதினெட்டு வருடமாக இந்த எழுத்தை எழுதுகிறேன்,
ஒருத்தரும் கேட்டதில்லை.
சாக்பீஸைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.
அழுத்துகிறவருடையது என்றேன் கடைசியில்.
சரியான பதில்தானா, தெரியாது.

மூன்றரைக்குப் பனி லேசாக விலகியது.
ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி
வேலப்பன் முதலிலிருந்து குத்திக்கொண்டிருந்தான்,
உதடு அசைய, யாரோடும் பேசாமல்.
"முந்நூத்தி அஞ்சு!"
"நூத்தியொண்ணு அமுக்கிட்ட," என்றாள் நாகஜோதி
பையைக் கட்டிக்கொண்டே, திரும்பாமல்.
"நீ பாத்தியா?"
"பாக்க வேணாம்."

மணி அடித்து, கவுஞ்சி பஸ் ஹாரன் அடித்து,
பிள்ளைகள் கேரட் வயல் வழியே கரைந்தார்கள்.
அலமாரியைப் பூட்டும்முன் எண்ணினேன்.
பதினொன்று.