நாலாம் தரம்

பதினொன்றாவது முறையும் திரும்பி வந்தது.
"தரையில உயிர் இல்ல, ஷைனி."
கொச்சியிலிருந்து நிகிலாவின் குரல்.
ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டேன்,
சீக்கிரம் வலித்து முடியட்டும் என்று.

கைபேசி விளையாட்டில் ஒரு பையன் ஓடுகிறான்.
அவன் ஓட ஒரு தரை வேண்டும்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி நீளம், அதே அகலம்,
ஒரே ஒரு சதுரம்.
அதையே ஒட்டி ஒட்டி உலகம் விரிப்பார்கள்.
விளிம்பு தெரியக் கூடாது.
அவ்வளவுதான் வேலை.

யோசனை தேடி இரவெல்லாம் படம் பார்த்தேன்.
மொராக்கோ ஓடு, ஜப்பான் காகிதம்,
பெர்லினில் யாரோ சுவரில் வழியவிட்ட பச்சை.
விரலால் தள்ளத் தள்ள
எல்லாம் ஒரே ஸ்டூடியோவில்
பவுடர் போட்டு உட்கார்ந்த முகங்கள்.

மூன்று மணிக்குக் கரண்டு போனது.
குலசேகரத்தில் மழைக்காலத்துக் கரண்டு
சொல்லிக்கொண்டு போகாது.
யுபிஎஸ் கத்தியது.
நானும் கொஞ்சம் கத்தினேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரப்பர்த் தோட்டம்,
மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை.
நடுவே ஒரு வெளிச்சம்:
லில்லி புஷ்பத்தின் நெற்றிவிளக்கு.
நிற்கும். சாய்வாக ஒரு கீறல். நகரும்.
நிற்கும். கீறும். நகரும்.
என் திரையில் பகலெல்லாம் நான் இழுக்கும் கோடு
அங்கே பால் வடித்தது.
(இது பிறகு தோன்றியது.
அப்போது தோன்றியது,
இவளுக்கும் தூக்கம் இல்லை என்பது மட்டும்.)

காலையில் கீழே ஏசுவடியான் கடை முற்றத்தில்
கொடி நிறைய ஷீட்டு.
சில இன்னும் கஞ்சி வெள்ளை,
புகைப்புரையில் கிடந்து வந்தவை
கருப்பட்டிக் காப்பி நிறம்.
ஒன்றைக் கேட்டேன்.
"எதுக்குட்டி?"
"ஸ்கேன் பண்ண."
அவர் பார்த்த பார்வையை
எந்த மெஷினாலும் ஸ்கேன் பண்ண முடியாது.
"திருப்பித் தரணும், கேட்டியா."

கண்ணாடியில் விரித்தேன்.
புளிப்பும் புகையும் கலந்த வாடை.
மூடி மூடவில்லை, முழங்கையால் அழுத்தினேன்.
வெளிச்சம் அடியில் ஊர்ந்து போனது.

திரையில் வந்தது
வயல் உழுத மாதிரி வரிகள்,
ஒரு இலைத்துணுக்கு,
ஒரு எறும்பு, ஆறு காலும் சரியாக,
ஓரத்தில் ஒரு பெருவிரல் ரேகை.

காப்பி ஆறி ஆடை கட்டியது.
யாரோ கதவைத் தட்டிப் பார்த்துப் போனார்கள்.
மதியம் அனுப்பினேன்.

நிகிலா உடனே கூப்பிட்டாள்.
"கொள்ளாம்! இது எங்க பிடிச்ச?
ஆனா அந்த ரேகை...
நாலு எட்டுக்கு ஒருதரம் வருது,
கண்ணு அங்கயே போகுது. எடுத்துரு."

சரிதான்.
ஒரு தரம் வந்தால் விரல்.
நூறு தரம் வந்தால் கறை.

சாயங்காலம் லில்லி புஷ்பத்திடம் காட்டினேன்.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"எனக்க விரலு இல்ல.
ரோலர் சுத்துத ஸ்டெல்லஸுக்கது."
பிறகு எறும்பைப் பார்த்தாள்.
"பொடி கெடக்கு. இது நாலாம் தரம்லா.
கிலோவுக்கு ஏழு ரூவா கொறப்பான்."

எறும்பை அழித்தேன். இலையை அழித்தேன்.
பக்கத்து வரியை எடுத்து
ரேகையின் மேல் பூசிப் பூசி வந்தேன்.
கடைசிச் சுழியில் கை நின்றது.
வாடகை ஞாபகம் வந்தது.
கை நகர்ந்தது.

பழைய கோப்பைத் தூக்கிப் போடவில்லை.
அதற்குப் பெயர் ஸ்டெல்லஸ்.

ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
கண்ணாடியை மூன்று முறை துடைத்தேன்.
மறுநாள் டார்லிங் மேரி
ரேஷன் கார்டு ஸ்கேன் எடுக்க வந்தாள்.
குடும்பத் தலைவியின் நெற்றிக்கு மேல்
மங்கலாக நாலு வரி.

"இது என்னது?"

"தரை" என்றேன்.

அஞ்சு ரூபாய் வாங்கவில்லை.
அவள் அந்தப் பிரதியையே மடித்து
தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏறினாள்.