எண்ணூறு கிலோமீட்டர்

மூன்றாம் கியரில் முள் ஏறியது,
கார் ஏறவில்லை.
வின்டன் ஓட்டப்பாதையின் ஏழாம் வளைவில்
அடுப்பில் செருப்பை வைத்த மணம்.
டேர்போவை மாற்றினேன், இன்ஜெக்டரை மாற்றினேன்,
அவ்வளவு பலத்தையும் கடைசியில்
கை நீட்டி வாங்க வேண்டியது
கம்பனி போட்ட அதே பழைய தட்டு.

டாண்டினோங்கில், மிலோஷின் கொட்டகையில்
என் நிசான் இப்போது அந்தரத்தில் நிற்கிறது.
கியர்பெட்டி கீழே, ஒரு பழைய துவாயின்மேல்.
நாலு மணிக்குள் சொன்னால்
திங்கட்கிழமை சாமான் வந்துவிடும்.

பறப்புச் சில்லு.
உயர்தரத்துப் பௌதிகப் புத்தகத்தில் அதற்கு அதுதான் பெயர்.
சடத்துவத் திருப்பம் என்ற அத்தியாயம்.
பரீட்சையில் முழுப்புள்ளி எடுத்தேன்,
ஒரு சில்லைத் தொட்டுப் பார்த்ததில்லை.
இன்று தூக்குகிறேன்:
இடது கையில் எட்டரைக் கிலோ வார்ப்பிரும்பு,
வலது கையில் நாலு கிலோவும் இல்லாத உருக்கு,
ஓரமெல்லாம் துளை.
மரக்கறிக் கடையில் பூசணி பார்க்கிறவள்போல் நிற்கிறேன்.
மிலோஷ் சிரிக்கவில்லை.

"இதைப் போட்டால் மிதித்தவுடன் சீறும்,
விட்டவுடன் விழுந்தும் போகும்" என்கிறான்.
கனமானது வேகத்தைச் சேர்த்து வைத்திருக்கும்.
சிக்னலில் கால் தடுமாறினால்
தன் கையிருப்பில் கொஞ்சம் தந்து மானத்தைக் காக்கும்.
லேசானதிடம் சேமிப்பு ஏது?
அன்றாடங்காய்ச்சி.

தட்டிலும் இரண்டு வகை.
பீங்கான் பொத்தான் பதித்தது உடும்புப்பிடி;
உண்டு, இல்லையேல் இல்லை.
நார் நெய்தது கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் யோசித்து,
பிறகுதான் பிடிக்கும்.
விசித்திரமான சாமான் இந்தக் கிளச்:
மிதித்தால் விடும்,
விட்டால் பிடிக்கும்.

பேசிப் பயனில்லை என்று
தன் மஞ்சள் சில்வியாவின் சாவியை எறிந்தான்.
லேசான சில்லு, பீங்கான் தட்டு.
வாசலுக்கு முப்பது மீட்டர். மூன்று தரம் நின்றது.
நியூட்ரலில் தகரப்பேணிக்குள் கூழாங்கல் உருண்டது.
நாலாம் தரம் தெருவுக்கு வந்தேன்.
இரண்டிலிருந்து மூன்று.
முள்ளை நான் பார்க்கமுதல் அது மேலே.

கணக்குப் பார்த்தால்:
வீட்டிலிருந்து வேலை செய்யும் குளிர்களஞ்சியம் வரை
இருபத்தொரு சிக்னல், எண்ணியிருக்கிறேன்.
ஓட்டப்பாதைக்குப் போவது வருடத்தில் நாலு நாள்.
மற்ற நாளெல்லாம் காலை ஆறே முக்கால், பிரின்சஸ் நெடுஞ்சாலை,
முதலாம் கியர், இரண்டாம் கியர், பிரேக்.
போனில் சிவநேயன்:
"ஒரு கிளச்சுக்கு ரண்டாயிரம் டொலரோ?
வோஷிங் மெஷின் இன்னும் தண்ணியை விடேல்லை."
உண்மைதான்.
அதுவும் சுற்றுகிற சாமான்தானே என்று வாய்வரை வந்தது,
விழுங்கிவிட்டேன்.

மூன்று ஐம்பத்தைந்து.
"லேசான சில்லு. நார்த் தட்டு.
அழுத்துகிற மூடி மட்டும் முரடானது."
"அரைக் கிறுக்கு" என்று எழுதிக்கொண்டான் மிலோஷ்.
முழுக் கிறுக்கைவிட முந்நூறு டொலர் குறைவு.
எல்லாம் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தேன் என்று
சிவநேயனிடம் சொல்வேன்.
முடிவெடுத்தது அந்த இரண்டிலிருந்து மூன்று.

புதுப் போல்ட் எட்டையும் முறுக்கிப் பூட்டியபின்
பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தந்தான்:
எண்ணூறு கிலோமீட்டர். ஊருக்குள் மட்டும்.
துரத்தாதே. சூடாக்காதே.
தட்டும் சில்லும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகட்டும்.

வெள்ளி மாலை, தூறல்.
எழுபத்திரண்டாவது கிலோமீட்டர்.
இரண்டு தரம் நின்றாயிற்று, பின்னால் லொறிக்காரன்
ஹோர்னிலிருந்து கையை எடுத்ததாகத் தெரியவில்லை.
பக்கத்து வரிசையில்
மஞ்சள் எல் பலகை ஒட்டிய சின்ன மாஸ்டா.
ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பையன்,
அருகில் கண்ணை மூடியபடி தாய்.

பச்சை விழுந்தது.
அவன் போய்விட்டான்.