மை இல்லாத எழுத்து

ஏழாம் பாதை, ரொக்கப் பாதை.
இரவு பத்து முதல் காலை ஆறு.
ஸ்டிக்கர் ஒட்டாத வேன்களும்
பேலன்ஸ் தீர்ந்த லாரிகளும் என்னிடம்தான் வரும்.
வாங்கு. மீதி கொடு. கிழி. நீட்டு.
மெஷினைவிட்டு வரும் ரசீது
தூங்கி எழுந்த குழந்தையின் காதுபோல் இளஞ்சூடு.

மாங்காய் சீசனில் ஒரு ராத்திரிக்கு அறுநூறு.
நோட்டுப் பிசுக்குப் போக மேசையில் சானிடைசர்.
தேய்த்த ஈரம் காயுமுன்
அடுத்த ரசீது.

அந்தக் காகிதத்துக்கு மை கிடையாது.
நகத்தால் கீறினால் கறுக்கும்.
சேர்ந்த புதிதில் கீறிக் கீறி
என் பேரை எழுதினேன்: மாதேஸ்வரி.
கண்ணாடியோரம் செருகியது
கத்திரி முடிவதற்குள் வெளுத்துப்போனது.
எழுத்து எங்கே போயிற்று என்று
அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் வருஷம் என் தேதிகள் குழம்பின.
நாற்பது நாள். ஐம்பத்தாறு. பிறகு பதினேழே நாள்.
காரிமங்கலத்திலிருந்து மாமியார்
வெந்தயம் வறுத்துக் கொடுத்தனுப்பினார், இரண்டு டப்பா.

ரவுண்டானா லேபில்
முழங்கைக்கு மேல் ரப்பரை இறுக்கியபடி
ஷமீமா கேட்டாள், என்ன வேலை என்று.
சொன்னேன்.
என் விரல்நுனிகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"உடம்பு கத்திப் பேசாதுக்கா.
கே.ஆர்.பி. டேம் ரொம்பியிருக்கும்போது
அஞ்சு கிலோ உப்பைக் கொட்டுனா
அந்தக் கரை மீனுக்குக் கரிக்கணும்.
ஹார்மோன் பேசறது அவ்ளோ சன்னமா.
பில் பேப்பர்ல பூசறது
அதே குரல்ல பேசத் தெரிஞ்ச ஒண்ணு."

டாக்டர் சிரித்தார்:
காகிதத்திலா? அந்த அளவு ஒன்றும் செய்யாதம்மா.

அளவுக்கு மிஞ்சினால் என்றுதான்
பழமொழியும் ஆரம்பிக்கிறது.
மிஞ்சாததைப் பற்றி
யாரும் வாக்கியத்தை முடித்து வைக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது என் தடுப்புக் கட்டைதான்.
பதினாறு சக்கரம், முப்பது டன் கிரானைட்,
அதன்முன் மூச்சிரைத்து நிற்கும்.
கட்டையைத் தூக்க
என் சுண்டுவிரல் போதும்.

காகிதம்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.
தூக்கம் கெட்ட மூன்று வருஷம் இருக்கிறது,
டீசல் புகை இருக்கிறது,
பிளாஸ்டிக் கவரில் வரும் கொதிக்கிற டீ இருக்கிறது.
யார் குரல் எது என்று எப்படிப் பிரிப்பது?
ரத்த ரிப்போர்ட் சொல்கிறது:
எல்லாம் எல்லைக்குள்.

நேற்று ஸ்கேன்.
வயிற்றுப் பசையைத் துடைத்துக்கொண்டிருக்கையில்
கையில் கொடுத்தார்கள் படத்தை.
சாம்பல் மூட்டத்துக்குள் என் சூல்பை,
ஓரமெல்லாம் கறுப்புக் குமிழ்கள்.
நான் பார்த்தது அதையல்ல.
அந்த வழுவழுப்பை, அந்த இளஞ்சூட்டை
விரல் முன்பே அறிந்திருந்தது.

ஆட்டோவில் உட்கார்ந்து
படத்தின் வெள்ளை ஓரத்தில்
நகத்தால் ஒரு கோடு இழுத்தேன்.

கறுத்தது.