இருநூற்றுப் பன்னிரண்டு டப்பாக்கள்

மீன் ஆலையை மூடி ஏலம் விட்ட அன்று
ஏழு யூரோவுக்கு உன்னை வாங்கினேன்.
தூக்கிவர ஆளில்லை.
அடுத்த வீட்டுப் பையனின் சறுக்குவண்டியில் கட்டி
லியெபாயாவின் உப்புக்காற்றுக்கு முகம் திருப்பி
இழுத்து வந்தேன்.
டிராம் ஓட்டுகிறவர் மணியடித்துச் சிரித்தார்.

உனக்கு என்னை நினைவிருக்காது.
அறுபத்தொன்று என்று சொன்னால் தெரியலாம்.
கண்ணாடி அறைக்குள் நீ இருந்தாய்,
கணப்புக்குப் பக்கத்தில்.
வெளியே நாங்கள், முழங்கால்வரை ரப்பர் காலணி,
புகைபோட்ட குட்டிமீன்களைத்
தலை ஒருபக்கம் வால் ஒருபக்கமாக
டப்பாவில் அடுக்கிக்கொண்டு.
மணிக்கு எத்தனை,
கழிப்பறையில் எத்தனை நிமிடம்,
எல்லாம் உன்னிடம் இருந்தது.

ஒரு நவம்பரில்
இருநூற்றுப் பன்னிரண்டு டப்பா குறைகிறது என்றாய்.
நான் அடுக்கியவை. என் விரலுக்குத் தெரியும்.
மேற்பார்வையாளர் குன்வால்டிஸ்
உன் திரையைத் தட்டிக் காட்டினார்:
"மனுஷிக்கு மறதி உண்டு, ஸ்கைத்ரீதே.
இதற்குக் கிடையாது."
அந்தக் குளிருக்கு வாங்க நினைத்த பூட்ஸை
வாங்கவில்லை.

முதல் வேலையாக உன் வட்டை அழித்தேன்.
எங்கள் எண்கள், தாமதங்கள், பிடித்தங்கள்
எல்லாம் போக நாற்பது நிமிடம்.
தேநீர் குடித்தபடி பார்த்திருந்தேன்.
அப்புறம் நூலகத்து வில்னிஸ் வந்து
காசு கேட்காத ஓர் இயங்குதளமும்
காசு தராத ஒரு வேலையும் ஏற்றிக்கொடுத்தான்.
வானத்திலிருந்து பிடித்த இரைச்சலைத்
துண்டு துண்டாக அனுப்புவார்களாம்.
அதற்குள் எங்காவது
செத்த விண்மீன் ஒன்றின் நாடி துடிக்கிறதா என்று
நீ தேட வேண்டும், இரவும் பகலும்.
கூலி இல்லை என்றான்.
ரொம்ப நல்லது என்றேன்.

சமையலறையில்
உருளைக்கிழங்குப் பெட்டிக்கு மேல் வைத்தேன்.
உறுமினாய். சுவர் வெதுவெதுத்தது.
உன் முதுகுப்பக்கம் போட்ட கையுறை
காலைக்குள் காய்ந்திருந்தது.
மின்கட்டணத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்து
மார்ச்சோடு உன்னை நிறுத்துவது என்று
முடிவுசெய்தேன்.

ஒரே துண்டை உனக்கும்
உலகத்தில் எங்கோ இன்னொரு பெட்டிக்கும் கொடுப்பார்கள்.
இரண்டு விடையும் ஒத்தால்தான் கணக்கில் சேரும்.
இதை வில்னிஸ் சொல்லவில்லை.
பிப்ரவரியில் சிவப்பாக ஒரு வரி வந்தபோது
நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.
நீ ஒன்று சொல்ல, அது வேறு சொல்ல,
மூன்றாவதாக ஒரு பெட்டியைக் கேட்டிருக்கிறார்கள்.
அது உன் பக்கம் நிற்கவில்லை.

மறுநாள் இன்னொன்று. அப்புறம் இரண்டு.

உன்னைத் திறந்தேன்.
தூசிக்குள் மீன்செதில் ஒன்று, பிள்ளையின் நகம்போல்.
நினைவகப் பட்டைகள் இரண்டு.
ஒன்றைக் கழற்றி மற்றதைச் சோதித்து,
மாற்றிப் போட்டு மறுபடி சோதித்து,
விடிகாலை மூன்று மணிக்குக் கண்டேன்:
இடப்பக்கத்துப் பட்டை
ஏதோ ஓரிடத்தில்
பூஜ்யத்தை ஒன்று என்கிறது.
எப்போதும் அல்ல. எப்போதாவது.

எப்போதிருந்து?

கேட்க ஆளில்லை.
குன்வால்டிஸ் அயர்லாந்தில் மகளோடு இருக்கிறார் என்கிறார்கள்.
இருந்த ஒரே சாட்சியத்தை
அழித்தவள் நான்தான்,
தேநீர் குடித்தபடி.

பட்டையை ஒரு காலி டப்பாவில் போட்டு
ஜன்னலில் வைத்திருக்கிறேன். மூடவில்லை.
பாதி நினைவோடு மெல்ல நடக்கிறாய் இப்போது,
ஒரு துண்டுக்கு ஒன்றரை நாள்.
இன்று காலை பச்சையாக வந்தது வரி: ஒத்துப்போனது.
எதிர்ப்பெட்டி யாருடையதோ, பெயர் போடவில்லை.
அந்தத் துண்டில் விண்மீன் ஏதுமில்லை.
இல்லை என்பதில்
இருவரும் ஒத்துப்போயிருக்கிறீர்கள்.

ரொட்டி வாங்கப் போகிறேன்.
ஏப்ரல் முடியும்வரை ஓடு.