தோட்டவேலை

டாக்டர் ட்ரெகர்தாவின் வீட்டில்
தோட்டம் கிடையாது.
விளக்குமாற்றை நட்டாலும் துளிர்விடும் மண்
தாரமகாவ் ஆற்றங்கரை மண்.
ஆண்டெல்லாம் மழை.
அவர் வீட்டைச் சுற்றி மட்டும்
கணுக்கால் உயரத்துக்குச் சரளைக்கல்.

இருபத்தாறு வருடம் அவரிடம் நர்ஸாக இருந்தேன்.
ஏன் என்று கேட்டதில்லை.
மரம் அறுக்கும் மில்லில்
விரலை விட்டுவிட்டு வந்தவர்கள்
ஃபீசுக்குப் பதில் ஓர் உருளைக்கிழங்கு மூட்டையைப்
பின்கதவில் சாய்த்துவிட்டுப் போவார்கள்.
முட்டைக்கோஸ், பூசணி,
ஒரு தடவை உயிரோடு ஒரு வாத்து.
வாத்தை அவரே உள்ளே தூக்கிப்போனார்.
காய்கறி மட்டும்
நான் வந்து எடுக்கும்வரை அங்கேயே கிடக்கும்.

அவர் போனபின் மகள் மோர்வென்னா வந்து
ஒரு தகரப்பெட்டியை என்னிடம் தந்தாள்.
உள்ளே விமானியின் பதிவேடு.
பகலில் பறந்தது கறுப்பு மை, இரவில் பறந்தது சிவப்பு.
பக்கம் பக்கமாகச் சிவப்பு.
‘தோட்டவேலை. ஐந்து காய் நட்டோம். வானம் தெளிவு.’
‘தோட்டவேலை. நான்கு காய். ஒன்று கழலவில்லை.’

கடலில் கண்ணிவெடி போடுவதற்கு
அன்று அதுதான் குறிச்சொல் என்றார்
மில்லில் கணக்கெழுதும் போஸன்கெட்.
அவரும் அங்கே போய் வந்தவர்.
ஒவ்வொரு கடலுக்கும் ஒரு செடியின் பெயராம்.
நட்டவன் அறுவடைக்கு நிற்பதில்லை.
எந்தக் கப்பல், எந்தக் கிழமை,
தண்ணீரில் எத்தனை பேர் என்று
யாரும் வந்து சொல்வதில்லை.

மார்ச் ஒன்பதில் மட்டும் எழுத்து சாய்ந்திருக்கிறது.
‘வால் கூண்டில் ஹெஸ்கெத்துக்குக் காயம்.
இரண்டு மணி பத்து நிமிடம்.’

மிச்சம் எனக்குத் தெரியும்.
ஐம்பத்தெட்டில் வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோன இரவு,
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பிரசவம்.
நீலம் பாரித்து வந்த பையன்.
ஊதி, தட்டி, தேய்த்து
ஒருவழியாக அழ வைத்தார்.
அப்புறமும் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை.
விளக்கில் எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது.
‘போதும் டாக்டர், மூச்சு நன்றாக வருகிறது’ என்றேன்.
‘அவனுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது’ என்றார்.

கூண்டின் கதவு நெளிந்துபோய்
யாராலும் உள்ளே எட்ட முடியவில்லை.
காதுக்கருவியில் ஹெஸ்கெத்தின் மூச்சு மட்டும்.
அந்த இணைப்பைப் பிடுங்கிவிடவா என்று ஒருவன் கேட்டான்.
வேண்டாம் என்றிருக்கிறார். வயது இருபத்திரண்டு.
இரண்டு கையும் சுக்கானில்.
டென்மார்க்கைத் தாண்டும்போது மூச்சில் ஈரம் ஏறியது.
கடலின் நடுவில்
தானும் அதன் கூடவே
இழுத்து விட ஆரம்பித்தாராம்.
‘கரை தெரிந்தபோது
காதில் என் மூச்சுதான் இருந்தது.
எப்போது மாறியதென்று தெரியவில்லை.’

பையன் தும்மினான்.
தேநீர் கிடைக்குமா என்று கேட்டார்.
மறுபடி அதைப் பேசியதில்லை.

பதிவேட்டில் யுத்தம் பாதியில் முடிந்துவிடுகிறது.
தாள்கள் மீதமிருந்தன.
டனீடனில் ஏழு வருடம் படித்துவிட்டு இங்கே வந்தவர்
அதே கட்டங்களில் எழுதியிருக்கிறார்:
‘பெண். ஆறு பவுண்டு. அழுதாள்.’
‘ஆண். கொடி சுற்றியிருந்தது. அழுதான்.’
‘பெண். அழுதாள். அழுதாள்.’
இரட்டைப் பிள்ளைகள், பெரிய கூச்சல்.
பகலில் பிறந்தவர்கள் கறுப்பு.
இரவில் பிறந்தவர்கள் சிவப்பு.
தெருவில் நான் பார்க்கிறவர்களில்
பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள்.
அந்த நீலப் பையன் இன்று லாரி ஓட்டுகிறான்,
எல்லோர் வீட்டிலும் கடன்.

அறுபத்தொன்று, ஜூலை. சிவப்பு மை.
என் பெயர்.
‘அழவில்லை.’
பக்கத்துக் கட்டத்தில் நேரம்:
ஒரு மணி நாற்பது நிமிடம்.

பத்து நிமிடம் என்றுதான்
நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.