பன்னிரண்டாவது பள்ளம்

அறுவை அரங்கில் கைக்கடிகாரத்துக்கு அனுமதியில்லை.
முழங்கைக்குக் கீழே வெறுந்தோல்.
தாம்பெரேயில் பத்தொன்பது வருடமாக
மனிதர்களை உறங்கவைத்து எழுப்புகிறேன்.
நூறிலிருந்து கீழே எண்ணச் சொல்வேன்,
தொண்ணூற்று நான்கைத் தாண்டியவர் குறைவு.
இடையில் இருந்த நேரம் எங்கே என்று
கண்விழித்ததும் கேட்பார்கள்.
நான்தான் எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல
வாய்வரை வரும்.

வீட்டில் நாற்பத்தொன்று.
இல்போவுக்குத் தெரிந்தவை இருபத்தாறு.
மீதி, பனிச்சறுக்குக் காலணிப் பெட்டியில்
கம்பளிக் காலுறைகளுக்குள்.
புதியதொன்றைக் கட்டிக்கொண்டு
சாப்பாட்டு மேசைக்கு வந்தால்
இது எப்போது வாங்கியது என்பார்.
பழசுதான் என்பேன்.
பொய்யில்லை.
அறுபத்தேழில் செய்தது.

எதற்கும் சாவி கொடுப்பதில்லை.
ஒன்று மூன்றேகாலில் நிற்கிறது,
ஒன்று ஏழடிக்க ஒரு நிமிடம் இருக்கையில்.
மணி பார்க்க அடுப்பின் பச்சை எண்கள் போதும்,
அதுவும் குளிர்கால நேரத்திலேயே
கோடை முழுக்க ஓடுகிறது.

பிறகு எதற்கு?

ஆளுக்கொரு பதில் வைத்திருந்தேன்.
இயந்திரத்தின் அழகு. முதலீடு.
வரலாறு என்றும் ஒருமுறை, கூசாமல்.
நடப்பதென்னவோ இரவு ஒன்றரைக்கு:
போர்வைக்குள் ஃபோன் வெளிச்சம்,
ஜன்னலோரம் வைத்து யாரோ எடுத்த மங்கல் படம்,
மணிமுள்ளின் நுனியில் மஞ்சளித்த பூச்சு.
அந்த முள் எனக்குள் ஏறிவிடும்.
பதினோரு நாள் குத்தினால்
பதினோரு நாளும் நான் இருக்கிறேன்.
பார்சல் பிரித்த மூன்றாம் நாள்
குத்துவது நின்றுபோகும்.
கையில் ஒரு கடிகாரம் மட்டும் மிஞ்சும்.

பெட்டிக்குப் பன்னிரண்டு பள்ளம்.
பதினொன்றை நிரப்பி ஒன்றை விடுவேன்.
தவறிப்போய் அதுவும் நிரம்பினால்
அடுத்த பெட்டி.
தோல்பட்டை விற்கும் வெய்யோ
நாலாவது பெட்டியைக் காகிதத்தில் சுற்றியபடி
'இதிலும் ஒன்று குறையும்' என்றார்.
மூன்று மாதம் அவர் கடைப் பக்கம் போகவில்லை.

மார்ச்சில் ஒரு படம்.
ஏழாம் எண்ணருகே கண்ணாடியில் ஒரு கீறல்,
மீன்முள் அளவு.
எனக்குத் தெரியும் அதை.
ருவோவேசி ஏரிக்கரையில்
சௌனாக் கதவின் தாழ்ப்பாளில் இழுத்துக்கொண்டது.
இல்போ அப்போது எதற்கோ சிரித்தார்,
நானும் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினேன்.
நான்கு வருடம் முன்பு
முந்நூற்றெண்பது யூரோவுக்கு விற்றேன்,
வேறொன்றை வாங்க.
எதை வாங்க என்பது ஞாபகமில்லை.

ஏலம் ஒரு ஞாயிறு இரவு முடிவதாயிருந்தது.
எதிரில் யாரோ, பேரில்லாமல், விடாமல்.
ஐந்நூறு. ஐந்நூற்று நாற்பது.
நொடிகளைக் கட்டி ஆள்பவர்கள்
நொடித்துப்போவதில் என்ன ஆச்சரியம்.
எழுநூற்றிருபதில் எதிராளி ஓய்ந்தார்.
என் கீறலை நானே
விலைக்கு வாங்கியிருந்தேன்.

தார்த்து நகரிலிருந்து வந்தது பார்சல்.
உள்ளே ஒரு துண்டுச் சீட்டு,
பள்ளிப்பிள்ளையின் அக்கறையான கையெழுத்து:
'நல்ல விலை கொடுத்தீர்கள், நன்றி.
ஏழின் பக்கம் இருந்த கீறலைப்
பற்பசை வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டேன்.
அதற்குக் கட்டணம் இல்லை.'

விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன்.
திருப்பிப் பார்த்தேன்.
தண்ணீர் போல இருந்தது கண்ணாடி.

மூன்றாம் நாள் போனது, பத்தாம் நாள் போனது,
குத்துவது நிற்கவில்லை.
எந்தப் பள்ளத்திலும் அதை வைக்கவில்லை.

மே மாதம் முதல் வாரம்.
ஏரியின் நடுவில் இன்னும் சாம்பல் நிறப் பனிக்கட்டி.
இல்போ விறகு பிளக்கும் சத்தம் பின்னால்.
சௌனாக் கதவின் முன்னால் நிற்கிறேன்,
தாழ்ப்பாளுக்கு விரற்கடை தூரத்தில் மணிக்கட்டு.
எண்ணத் தொடங்கினேன், நூறிலிருந்து.

தொண்ணூற்று நான்கு.
தொண்ணூற்று மூன்று.
தொண்ணூற்றிரண்டு.