காது கொடுத்தவள்

"தொழிற்சாலையில் வேலை பார்த்தீர்களா, மிஸஸ் ப்ளென்கின்?"
என்று கேட்டாள் காது சோதிக்கிற பெண்.
கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து
ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பியிருந்தாள்.
கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும்.
நடுவில் கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை;
டீ குடிக்கப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.
அனுப்பிக்கொண்டுதான் இருந்தாளாம்.

காகிதத்தில் என் இடது காதின் கோடு
ஒழுங்காக நடந்து வந்து
நாலாயிரம் ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்து
முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறது.

தொழிற்சாலை இல்லை, கண்ணு.
செவ்வாய்க்கிழமைகள்.

எழுபத்தேழு. ஹல் துறைமுகம்.
ஐஸ்லாந்துக்காரனோடு காட் மீனுக்குச் சண்டை போட்டுத் தோற்று
இழுவைப் படகுகள் கயிற்றோடு துருவேறிக் கிடந்த வருஷம்.
ஹெஸில் ரோட்டுக்குப் பின்னால்
மீனுக்குப் புகைபோடும் கூடமொன்று காலியாக இருந்தது.
அதில்தான் பயிற்சி.
அவர்கள் பேர் நனைந்த தீக்குச்சிகள்.

நெவில் பாடினான்.
பாடினான் என்பது மரியாதைக்குச் சொல்வது.
பேஸ் கித்தார் வாண்டா; அவள் அப்பா போலந்து மாலுமி,
மகள் வாசிப்பது தெரிந்தால் கப்பலேற்றிவிடுவார்.
டிரம்ஸில் பெரில். பகல் முழுக்க
மீன் துண்டுகளுக்கு ரொட்டித்தூள் பூசுகிற வேலை,
அடிக்க அடிக்க அவள் சட்டையிலிருந்து தூள் பறக்கும்.
க்ளைவுக்குக் கித்தாரில் மூன்று பிடிகள் தெரியும்.
நாலாவது கற்றுக்கொண்ட மாதம்
குழு கலைந்தது.

நான் எதையும் வாசிக்கவில்லை.
ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு கால் உடைந்திருந்தது.
அது சாயாமல்
இடது தோளை முட்டுக்கொடுத்து நிற்பேன்.
பதினேழு வயது, பச்சை மயிர்,
முட்டு.

வேலையற்றோர் அலுவலகத்தின்
ஆறாம் ஜன்னலைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது.
ஒரு நிமிஷம் நாற்பது நொடி.
அதை ஒருநாளும் முழுசாக முடித்ததில்லை.
மீட்டரில் ஐம்பது பென்ஸ் காசு போட்டால்தான் கரண்ட்;
சரியாக இரண்டாம் அடியில் காசு தீரும்.

இருட்டு.
கித்தார் செத்தது, பேஸ் செத்தது,
கருகிய ஹெர்ரிங் வாசனை மட்டும் பக்கத்தில் வந்து நின்றது.
ஆனால் பெரில் நிறுத்த மாட்டாள்.
அவளுக்குக் கரண்ட் எதற்கு?
மைக் இல்லாத நெவில்
சுவரைப் பார்த்துக் கத்துவான்.
நாங்கள் ஒருவர் பாக்கெட்டில் ஒருவர் கைவிட்டுக்
காசு தேடுவோம், சிரித்துக்கொண்டே,
தாளம் தப்பாமல்.

யாரோ கண்டெடுத்துப் போடுவார்கள்.
உடனே, எந்த அறிவிப்பும் இல்லாமல்,
ஆம்ப்ளிஃபையர் என் காதுக்குள்
விழித்துக்கொள்ளும்.

ஒரே ஒரு இசைத்தட்டு. முந்நூறு பிரதிகள்.
உறைகளுக்குப் பசை தடவியவள் நான்.
துளை நடுவில் விழாததால்
பின்பக்கப் பாட்டு குடிகாரன் போலத் தள்ளாடும்.
என் பிரதி எண்பத்தொன்றில் போனது,
ஒரு வாரப் பால் பாக்கிக்காக
பெட்டியோடு விற்றபோது.
பெரிலும் போய்விட்டாள், போன மார்ச்சில்.
எரியூட்டு மண்டபத்தில் ஏதோ துதிப்பாடல் போட்டார்கள்.
அவளுக்குப் பிடித்திருக்காது.
மெதுவாக வேறு இருந்தது.

காது கொடுத்துக் கேள் என்பார்கள் இல்லையா,
நான் கொடுத்தேன்.
அது திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.
"சத்தமான நண்பர்கள்" என்றேன்.
அவள் தலையாட்டி, பாதாம் பருப்பளவு கருவியைப் பொருத்தினாள்.
பள்ளத்தை நிரப்பிவிடுமாம்.
மறுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.
ஆனால் பேரன் பேசுவது பாதி புரிவதில்லை.
சரி என்றேன்.

வெளியே பஸ் நிறுத்தம், மழைத் தூறல்.
என் கோட் இவ்வளவு சரசரக்கும் என்று தெரியாது.
குப்பைத் தொட்டியின் மேல் ஒரு கடற்புறா
சிப்ஸ் காகிதத்தை மிதித்துக்கொண்டு
வாயை அகலத் திறந்தது.

அடக் கடவுளே,
நெவில்.